பக்கத்தில் ஆள் வேண்டிய மருந்து

என்னைப் பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "டொக்டருக்கே கால் முறிஞ்சது?" டொக்டரின் கால் என்ன இரும்பிலா செய்தது? புங்குடுதீவுக் குறிகட்டுவான் இறங்குதுறையில், நயினாதீவுப் படகில் ஏறப்போன நேரம் பாசிப்படியில் வழுக்கினேன். படிக்கும் படகுக்கும் நடுவில் வலது கால் சிக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. "ஐயோ, மனிசிக்குக் கால் போட்டுது!" என்று படகுக்காரர் ஒருவர் கத்தியது நினைவிருக்கிறது. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று என் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்ததும் நினைவிருக்கிறது.

பைக்குள் ஒரு மருந்து இருந்தது. அதைப் பற்றிச் சொல்வதானால் என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் புங்குடுதீவு மடத்துவெளிக்காரி. பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. சேர்ந்த காலத்தில் எங்களிடம் வந்தவர்கள் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், பாம்பு கடித்தவர்கள், கோபத்தில் அலரி விதையை அரைத்துக் குடித்தவர்கள். பிறகு மெல்ல மெல்ல இன்னொரு கூட்டம் வரத் தொடங்கியது. எல்லாம் இளம் பெடியன்கள். உதடு நீலம், கண்மணி குண்டூசித் தலையளவு, மூச்சு இருக்கிறதா என்று காதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கூட்டிவந்த சிநேகிதர்கள் ஓட்டோவிலிருந்து வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிடுவார்கள். ஊரில் அதைத் 'தூள்' என்கிறார்கள். ஹெரோயின். அபின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே குணம்தான். வலியையும் கவலையையும் அமத்தும், அளவு கூடினால் மூச்சையும் அமத்தும். பார்க்கிறவர்களுக்கு ஆள் நல்ல நித்திரை என்றுதான் தெரியும். குறட்டை விடுகிறான், படுக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இதற்கு எதிர்மருந்து இருக்கிறது. நலோக்சோன் என்று பெயர். மூச்சு நின்றவனுக்கு நேரத்தோடு கொடுத்தால் சில நிமிடங்களில் எழுந்து உட்கார்ந்து எங்களையே தூஷணத்தில் திட்டுவான். அந்தத் திட்டைப் போல எனக்கு இனிமையான சத்தம் வேறில்லை. ஆனால் தீவுகளில் இல்லாதது அந்தச் சில நிமிடங்கள்தான். நயினாதீவில் ஒருவன் விழுந்தால் படகு வர வேண்டும், கடல் கடக்க வேண்டும், பிறகு வாகனம், பிறகு பாலம். எங்களிடம் வந்து சேரும்போது தாயிடம் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்காது.

மருந்தைப் படகில் வையுங்கள், கடையில் வையுங்கள், வீட்டில் வையுங்கள் என்று எத்தனை கூட்டங்களில் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! "உது பெடியளுக்கு இன்னும் துணிவு குடுக்கிற வேலையல்லோ டொக்டர்?" என்பார்கள். செத்தவனுக்கு என்ன துணிவு வேண்டிக் கிடக்கிறது? தேத்தண்ணி வரும், வடை வரும், மருந்து மட்டும் வராது. கடைசியில் ரொறன்ரோவிலிருந்து வந்த என் அண்ணைதான் ஒரு பெட்டி கொண்டுவந்தார். அங்கே மருந்துக்கடையில் கேட்டாலே கொடுக்கிறார்களாம். ஊசி இல்லை, மூக்கில் அடிக்கிற மருந்து, பெட்டிக்குள் இரண்டு, யாரும் அடிக்கலாம். சொக்கிலேற்றுகளுக்கும் மருமக்களின் சப்பாத்துகளுக்கும் நடுவில் வந்த அந்தப் பெட்டியைப் படகுக்காரர்களுக்குக் காட்டிப் பழக்கத்தான் போனேன். போகும் வழியில்தான் விழுந்தேன். நயினாதீவுக் கோயில் அம்மாள் வரவிடவில்லை என்றார் என் மாமியார். பாசி வரவிடவில்லை என்றேன் நான்.

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே என்னைக் கொண்டுபோனார்கள். தள்ளுகட்டிலில் மல்லாந்து கிடந்தால் ஆஸ்பத்திரி வேறோர் இடம். முகங்கள் தெரியாது, மூக்குத் துவாரங்கள்தான் தெரியும். எக்ஸ்ரே நடைபாதையில் என்னை ஓரமாக விட்டுவிட்டு அற்றெண்டன் எங்கேயோ போய்விட்டார். போகிற வருகிற ஒவ்வொருவரும் கட்டிலில் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் முறிந்த எலும்பு ஒன்றோடொன்று உரசும். என்னிடம் வேலை பழகிய சின்ன டொக்டர் ஓடிவந்து, "மடம், வலி பத்துக்கு எத்தினை?" என்று பவ்வியமாகக் கேட்டான். "பதினைஞ்சு! உமக்குக் கண் தெரியேல்லையே?" என்று கத்தினேன். அவன் சிரிக்காமல் 'பத்து' என்று எழுதினான்.

பிறகு மோர்ஃபின் ஏற்றினார்கள். இதுவும் அபின் குடும்பம்தான், தூளுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். எத்தனையோ பேருக்கு என் கையால் ஏற்றியிருக்கிறேன், எனக்கு அதுதான் முதல் தடவை. வயிற்றுக்குள்ளிருந்து இளஞ்சூடு ஒன்று எழும்பி விரல் நுனிவரை போனது. கால் முறிந்துதான் கிடந்தது, ஆனால் அது எனக்கொரு பொருட்டாக இல்லை. கூட்டங்கள், பதில் வராத கோரிக்கைகள், வீட்டுக்கடன், ஒன்றுமே பொருட்டாக இல்லை. அட, இதற்காகத்தானா என்று நினைத்தேன். அந்தப் பெடியன்கள் தேடுவது ஆட்டம் பாட்டம் இல்லை, இந்த அமைதியைத்தான். புத்தகத்தில் படித்து இவ்வளவு காலமும் விளங்காதது ஓர் ஊசியில் விளங்கியது. அடுத்த நாள் நிறுத்தியபோது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. தாதி மிஸ்ஸி தந்த பனடோலை வாங்கிப் பார்த்துவிட்டு, "உதைக் கொண்டுபோய்ப் பூனைக்குக் குடுங்கோ" என்றேன்.

சத்திரசிகிச்சை முடிந்து, காலுக்குள் தகடும் ஆணியும் வைத்து, பெண்கள் வாட்டில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஐயரம்மா. நயினாதீவில் சின்னதொரு பிள்ளையார் கோயிலில் பூசை செய்யும் ஐயரின் மனைவி. அவர்களைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன், மகனின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். இடது கை மேலெலும்பு முறிந்து, நாட்டு வைத்தியம் பார்க்கும் முறிவுப் பரியாரி கட்டி, கோணலாகப் பொருந்திவிட்டதாம். அதைத் திரும்ப முறித்துத் தகடு வைத்திருந்தார்கள். "கிணத்தடியில வழுக்கினது பிள்ளை" என்றார். "நான் துறையடியில வழுக்கினனான்" என்றேன். இரண்டு பேரும் வலியோடு சிரித்தோம்.

எங்களுக்குள் இருந்த ஒரே பிரச்சினை மீன். வாத்தியாரான என் மனிசன் பாடசாலை முடிந்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவார். மூடியைத் திறந்ததும் ஐயரம்மா ஒன்றும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். மூன்றாம் முறை எனக்கே பொறுக்கவில்லை. "இஞ்சேருங்கோ, நாளையில இருந்து மரக்கறி" என்றேன். மனிசன் பாவம், அடுத்த நாள் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துக் கொண்டுவந்தார், உப்பில்லாமல். ஐயரம்மா தன் பிளாஸ்கிலிருந்து கோப்பித்தண்ணி ஊற்றித் தந்தார். என்னால் எழும்பித் தலை இழுக்க முடியாதென்று, நல்ல கையால் எனக்கு வாரி விட்டதும் அவர்தான். மலசலத்துக்கான கட்டில் சட்டியைக் கொண்டு ஒருத்தி வரும்போது மானம் மரியாதை எல்லாம் பறந்துபோகும். அந்த நேரம் மற்றப் பக்கம் பார்த்துத் தேவாரம் பாடியவரும் அவரே.

அந்த பிளாஸ்கைக் கொண்டுவருபவன் அவருடைய மகன் முகுந்தன். முதல் நாள் உள்ளே வந்தவன் என்னைக் கண்டதும் வாசலில் நின்றுவிட்டான். எனக்கும் தெரிந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன் மூச்சில்லாமல் என் தள்ளுகட்டிலில் கிடந்தவன். எழுப்பியதும் என் தாய் தகப்பனையெல்லாம் இழுத்துத் திட்டிவிட்டு, கையிலிருந்த சேலைன் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனவன். வீட்டுக்கு இது தெரியாது. நோயாளியின் இரகசியத்தை நான் சொல்லவும் ஏலாது. தாய் என் தலையை வாரிக்கொண்டிருக்கிறார், மகன் ஒருமுறை செத்துப் பிழைத்ததை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன கோதாரித் தொழிலடா இது என்றிருந்தது.

மிச்சத்தை ஐயரம்மா தானாகவே சொன்னார்.

"கிணத்தடி இல்லைப் பிள்ளை. முகுந்தன்தான் தாலிக்கொடியை இழுத்தவன். நான் விடேல்லை. தள்ளினதில விழுந்திட்டன்."

நான் திரும்பி அவருடைய கட்டுப்போட்ட கையைப் பார்த்தேன்.

"அண்டைக்குத்தான் அவர் அவனை அம்மாள் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணினவன், இனித் தொடமாட்டன் எண்டு. அவரே காப்பும் கட்டினவர். அண்டையில இருந்து தூளைக் கண்ணாலயும் பாக்கேல்லை. மெய்யாத்தான் பிள்ளை."

சொல்லும்போது அவருடைய முகம் பூரித்துப்போனது. எனக்கோ பயம் பிடித்தது. ஏனென்று எளிமையாகச் சொல்கிறேன். தினமும் எடுக்கிறவனின் உடம்பு பழகிப்போயிருக்கும், பெரிய அளவையும் தாங்கும். விட்டுச் சில கிழமை போனால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். ஆசையும் பழைய அளவும் மனதில் அப்படியே இருக்கும். ஒருநாள் தாங்காமல் அதே அளவை எடுத்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். என்னிடம் மூச்சில்லாமல் வந்தவர்களில் எத்தனையோ பேர் விட்டிருந்தவர்கள். தாய்மார் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "அவன் விட்டிட்டான் டொக்டர்."

பையிலிருந்து பெட்டியை எடுத்துக் காட்டி, இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் கையை மடியை விட்டு எடுக்கவில்லை.

"அம்மாளிட்டைச் சத்தியம் பண்ணினவன் திரும்ப எடுப்பானோ?"

"எடுக்காட்டி நல்லது ஐயரம்மா. பெட்டி சும்மா கிடக்கட்டும்."

"உதை வீட்டில வைச்சால் அம்மாளை நம்பேல்லை எண்டெல்லோ அர்த்தம்? காப்புக் கட்டினாப் பிறகு சந்தேகம் வைக்கக் கூடாது. வைச்சால் பலிக்காது."

எங்கள் தீவுகளில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். காப்புக் கட்டினால் தவறிப்போகும் என்ற கதையையே வாயில் எடுக்க மாட்டார்கள். விரதத்துக்கும் நேர்த்திக்கும் அது சரி. மூச்சுக்கு அது எப்படிச் சரிவரும்?

"படகில ஏறேக்க மிதவை அங்கி போடுறியளோ இல்லையோ?" என்று கேட்டேன். "அம்மாள் இருக்கிற தீவுக்குப் போறதுக்குத்தானே ஏறுறியள். போட்டால் அவவை நம்பேல்லை எண்டே அர்த்தம்?"

"அது கடல்" என்றார் ஐயரம்மா. "இது என்ர பிள்ளை."

நானும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அவரை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோன நேரம் முகுந்தன் என் கட்டிலடிக்கு வந்தான். "டொக்டர், அண்டைக்குத் திட்டினதுக்குக் குறை நினைக்காதேங்கோ" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மருந்தை என்னட்டைத் தாங்கோ. தேவைப்பட்டால் நானே அடிப்பன்."

"தேவைப்படேக்க உமக்குக் கை வராது முகுந்தன். மூச்சு நிண்டவன் தனக்குத் தானே அடிக்க ஏலாது. பக்கத்தில ஆள் வேணும். கதவைப் பூட்டிப்போட்டு எடுத்தீரெண்டால் உதால ஒரு பிரயோசனமும் இல்லை. நினைப்பு வருதோ?"

"வராத நாளில்லை."

"அப்ப அப்பாட்டைச் சொல்லும்."

அவன் சிரித்தான். சிரிப்பா அது! "அப்பா காலமை எழும்பி முதல் பாக்கிறது என்ர கையை, காப்பு இருக்கோ எண்டு. முகத்தைப் பாக்கிறேல்லை. எனக்கு நினைப்பு வருது எண்டு சொன்னால் அந்த மனுசன் எப்பிடிக் கோயில் நடை திறக்கும்?"

ஆசையை அடக்க மருந்து கொடுத்து, கூடவே இருந்து பார்க்கும் சிகிச்சை இருக்கிறது. படுத்தபடியே அதற்குப் பொறுப்பானவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். "திகதி ஒண்டு தருவம் டொக்டர்" என்றார்கள். எப்போது என்று கேட்டால் அதற்கும் திகதி சொல்ல ஆளில்லை. நான் போட்ட சத்தத்தில் வாட்டே எழும்பியது. மிஸ்ஸி ஓடிவந்து என் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்.

ஐயரம்மாவுக்கு எனக்கு முந்தியே வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். சீலைகளை மடித்துக்கொண்டே கையை நீட்டினார். "தாங்கோ. உங்கட மனம் நோகக் கூடாதெண்டுதான் எடுக்கிறன். அவருக்குச் சொல்லமாட்டன், பாவிக்கவும் மாட்டன்." பெட்டியில் என் தொலைபேசி இலக்கத்தை எழுதி, எப்படி அடிப்பதென்று காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவேயில்லை. பார்த்தால் அதுவும் சந்தேகம்தானே.

என்னையும் வீட்டுக்கு விட்டார்கள். மடத்துவெளியில் முன் அறையில் கட்டில், காலுக்குக் கீழே இரண்டு தலையணை, கைக்கெட்டும் தூரத்தில் ஊன்றுகட்டை. ஒருநாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, மூக்குக்குள்ளையோ வாய்க்குள்ளையோ?"

ஐயரம்மா.

"மூக்குக்குள்ள! ஆள் மூச்சு விடுறானோ?"

"நீலமாப் போனான் பிள்ளை. கதவை உடைச்சுத்தான் எடுத்தது. எனக்கு ஒரு கைதான், அமத்த ஏலாது. இவர் அமத்துறார்."

"ஐயாவை அவன்ர தலையைப் பின்னால சாய்க்கச் சொல்லுங்கோ. நுனியை மூக்குக்குள்ள முழுக்க விட்டு, அடிக்கட்டையை ஒரே அமத்தா அமத்தட்டும்!"

"அமத்தியாச்சு. ஒண்டும் நடக்கேல்லை. ஐயோ, ஒண்டும் நடக்கேல்லை!"

"மூக்கைப் பொத்திக்கொண்டு வாயோட வாய் வைச்சு ஊதச் சொல்லுங்கோ. நெஞ்சு எழும்ப எழும்ப ஊதட்டும். நிப்பாட்டக் கூடாது!"

ஐயர் ஊதுவது எனக்குத் தொலைபேசியில் கேட்டது. ஊதுவதும், நடுவில் "முகுந்தா, முகுந்தா" என்பதும். நான் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "ஊதுங்கோ, ஊதுங்கோ" என்று கத்திக்கொண்டே இருந்தேன். குசினியிலிருந்து வந்த மாமியார் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று அழத் தொடங்கினார். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிறகு தொலைபேசிக்குள் ஒரு பெரிய இருமல். அதற்குப் பின்னால் தகப்பனைப் பார்த்து நல்லதொரு தூஷணம்.

ஐயரம்மா விம்மினார். "பேசுறான் பிள்ளை. என்ர குஞ்சு பேசுறான்."

"பேசட்டும், நல்லாப் பேசட்டும். ஆனா உது கொஞ்ச நேரத்துக்குத்தான் வேலை செய்யும். பிறகு திரும்ப மூச்சு அடங்கலாம். உடனே படகில ஏத்துங்கோ. மற்றதையும் கையில கொண்டு போங்கோ!"

குறிகட்டுவானுக்கு அம்புலன்சைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கும் சொல்லிவைத்தேன். அம்புலன்ஸ் திரும்பி வருவது என் வீட்டு வாசலால்தான். சத்தம் கேட்டதும் ஊன்றுகட்டையை எடுத்துக்கொண்டு படலைவரை போவோமென்று எழும்பி, அறை வாசலைத் தாண்டுமுன் விழப்பார்த்தேன். மனிசன் பிடித்துக்கொண்டார். எத்தனை வருடம் அந்த வாகனத்தின் கதவைத் திறந்து ஆளை வாங்கியவள், அது என் படலையடியால் போவதைக் கேட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

முகுந்தன் பிழைத்தான். சிகிச்சைக்கும் ஒரு வழியாகத் திகதி கிடைத்தது, திரும்பவும் செத்துப் பிழைத்த பிறகு. எப்போதும் இந்த ஒழுங்கில்தான் எல்லாம் நடக்கிறது. படகில் இன்னும் மருந்து இல்லை.

அடுத்த கிழமை ஐயர் தனியாக வந்தார். படகும் பஸ்ஸும் பிடித்து வந்திருந்தார். மெலிந்த மனிதர், கதிரையில் நுனியில் இருந்தார். மாமியார் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. மடியிலிருந்து மிச்சமிருந்த மருந்தை எடுத்து என் கட்டிலில் வைத்தார்.

"வடிவாப் பழக்கி விடுங்கோ பிள்ளை. அண்டைக்குக் கை நடுங்கினது."

பழக்கினேன். தலையை எப்படிச் சாய்ப்பது, விரலை எங்கே வைப்பது, அடித்த பிறகு ஆளை எப்படி ஒரு பக்கமாகத் திருப்பிக் கிடத்துவது என்று எல்லாம். அவர் தலையணையைப் பிள்ளையாக வைத்து இரண்டு மூன்று தரம் செய்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"திரும்பவும் எடுப்பானோ?"

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! "எடுக்கலாம் ஐயா. சிகிச்சை நல்லது, ஆனா ஒரேயடியா விடுறவை குறைவு."

அவர் தலையாட்டினார். "காப்பை நானே வெட்டிப்போட்டன். இனிச் சத்தியம் ஒண்டும் கேக்க மாட்டன். அவனுக்கு ஒண்டுதான் சொன்னனான். எடுக்கத்தான் வேணுமெண்டால் கதவைப் பூட்டாதை, எனக்கு முன்னால இருந்து எடு எண்டு." சால்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "பூசை செய்யிற கையால தடவி வளத்த பிள்ளையிட்டை... ஒரு தகப்பன் சொல்லுற கதையே பிள்ளை இது?"

"ஓம் ஐயா" என்றேன். "தகப்பன்தான் சொல்லவேணும்."